அகமதாபாத் தாளில் ஒரு கையெழுத்து

இந்தக் காலத்தில் பிள்ளைகள் எதையும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை. எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, கடைசியில் ஒரு தாளை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். என்ன ஏது என்று கேட்டால், உங்களுக்குப் புரியாதுப்பா என்று பதில் வரும். புரியாதவனிடம் எதற்குக் கையெழுத்துக் கேட்கிறாய் என்றால் அதற்குப் பதிலே வராது.

ரிஷபநாத நயினார் நாலு நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி அனந்தமதியிடம் சொன்னார். திண்டிவனம் மார்க்கெட்டில் அவருக்கு நிலக்கடலை வியாபாரம்; அங்கே மல்லாட்டை மூட்டை கொண்டுவந்தவர்களிடம் சொன்னார். கேட்க ஆளில்லாத நேரத்தில் தன் எருமையிடமும் சொன்னார். எருமை ஒன்றுதான் குறுக்கே பேசவில்லை.

தாளை நீட்டியவன் ஒரே மகன் ஸ்ரீபாலன். பி.காம். படித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தான். சேர்ந்து பதினாலு மாதம். இரண்டு வருஷம் முடிந்தால் வேலை நிரந்தரம். அப்புறம் அறுபது வயது ஆனவர்கள்கூட எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் திண்டிவனத்துக்கு வருவான். போன ஞாயிறு வந்தபோதுதான் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தான்.

"இன்னா படிப்புடா இது?"

"வியாபாரத்தை நடத்தற படிப்புப்பா. அமெரிக்காவுல எம்.பி.ஏ.ன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி. அகமதாபாத்துல புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டு வருஷம். பரீட்சை எழுதுனேன், மெட்ராசுல நேர்ல கூப்பிட்டுக் கேட்டாங்க, எடம் கெடைச்சிருக்கு."

"வியாபாரத்தைப் படிச்சிட்டா பண்றாங்க? நம்ம மார்க்கெட்டுல எவன் படிச்சிருக்கான்?"

"இது பெரிய கம்பெனிங்களுக்குப்பா. ஆயிரம் பேரு, ரெண்டாயிரம் பேரு வேலை செய்யற எடம்."

"அதுக்கு மொதலாளி யாரு, நீயா?"

"நான் எப்படிப்பா மொதலாளி ஆவறது?"

"மொதலாளி ஆவாதவனுக்கு மொதலாளி படிப்பு எதுக்கு?"

ஸ்ரீபாலன் சிரிக்கவில்லை. "போறேன்னு இன்னும் முடிவு பண்ணலப்பா. இப்பவே போறதா, வேலை நிரந்தரமாகிட்டு அப்புறம் போறதான்னு யோசிச்சிக்கினு இருக்கேன். அடுத்த வருஷம்னா மறுபடியும் பரீட்சை எழுதணும். கெடைக்கும்னு சொல்ல முடியாது. எதுக்கும் நீங்க கையெழுத்து போட்டு வையுங்க. முப்பத்தோராம் தேதி, திங்கக்கிழமை தபால்ல போட்டாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும்."

நயினார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்க இங்கிலீஷ். அடியில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு அவருடையது. தமிழில் பேரெழுத வரும், விலாசம் வாசிக்க வரும். புரியாத எழுத்துக்கு அடியில் பேரெழுதுவது கிணற்றில் ஆழம் தெரியாமல் காலை விடுகிற மாதிரி இருந்தது. "வெச்சிட்டுப் போ. பாக்கறேன்," என்றார்.

பார்த்ததில் பயம்தான் கூடியது. மார்க்கெட்டில் தாண்டவராயன் மண்டியில் ரேடியோ உண்டு. கட்ச் எல்லையில் பாகிஸ்தான்காரனோடு சண்டை என்று ஒரு மாதமாக அதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவரை கட்ச் எங்கே இருந்தால் நமக்கென்ன என்றிருந்த நயினார், செவ்வாய்க்கிழமை போய், "கட்சுக்கும் அகமதாபாத்துக்கும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டார்.

தாண்டவராயன் தன் மகளின் பள்ளிக்கூடத்து அட்லாசைக் கொண்டுவந்து விரலை வைத்துக் காட்டினார். "இதோ பாருங்க நயினாரே. அரை விரல்கடைகூட இல்ல."

"நம்ம ஊரு?"

தாண்டவராயன் விரல்களை அகட்டி ஒரு சாண் அளந்தார். "ஆனா அங்க உங்க ஆளுங்க நெறைய பேரு இருக்காங்களாம். ஜைனருங்க. கறி மீனு வாடையே இருக்காதாம்."

"அவங்க வெள்ளைத் துணி கட்டற சாமியாருங்களோட கூட்டம். நாங்க வேற, அவங்க வேற. கோயில்ல சாமிக்குக் கண்ணு வெச்சிக் கும்பிடறவங்க. என் புள்ளைய அவங்க எதுக்குப் பாத்துக்கணும்?"

மூட்டை வாங்குவதில் நயினாருக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே இருக்கிற காயை அவர் பார்க்கவே மாட்டார். விற்கிறவன் அள்ளிக் கொடுக்கிற காயையும் உடைக்க மாட்டார். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. விற்கிறவன் அண்ணனாக இருந்தாலும் சரி. இந்தத் தாளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மகன் வாசித்துச் சொல்வது மேல்காய். வேறொருவன் வாசிக்க வேண்டும். யார்? வக்கீல் வாசித்தால் ஊருக்கே தெரியும். காலேஜ் பசங்கள் வாசித்தால் மகன் பக்கம் பேசுவார்கள். இதில் லாபமும் இல்லாத, நஷ்டமும் இல்லாத, இங்கிலீஷ் தெரிந்த மனிதன் வேண்டும்.

அப்படித்தான் அவருக்கு சவுரிராயன் நினைவு வந்தது. மகன் வேலை செய்கிற ஆபீசில் அவர் சூப்பிரண்டு. முப்பது வருஷமாக சர்க்கார் காகிதம் படிக்கிறவர். பொங்கலுக்கு ஒரு கூடை மல்லாட்டை அனுப்பியபோது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர். காயைத் திருப்பி அனுப்புகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நயினார் முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீபாலன் ஆபீசரோடு செஞ்சிக்கு கேம்ப் போகிறான் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்.

"அவன்கிட்டயே இன்னொரு வாட்டி கேக்கக் கூடாதா?" என்றாள் அனந்தமதி, கட்டுச்சோற்றை நீட்டியபடி. "ஆபீசுக்கெல்லாம் போய் நிக்காதீங்க. அவனுக்குக் கூச்சமா இருக்கும்."

"கூச்சப்படறவன் அப்பனுக்குத் தெரியாம மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதுவானா? நீ சும்மா இரு."

விழுப்புரத்தில் இறங்கும்போது பதினோரு மணி. மே மாத வெயில் தாரை உருக்கியிருந்தது. ஆபீஸ் வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சவுரிராயன் மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். "வாங்க நயினாரே. உங்க பையன் இல்லையே, கேம்ப் போயிருக்கானே."

"அவனைப் பாக்க வரலைங்க. உங்களைத்தான். சொந்தக்காரப் பையன் ஒருத்தனோட பேப்பரு. இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சிச் சொல்லணும்." மேலே பேர் எழுதியிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் நீட்டினார். வீட்டு விஷயம் அடுத்தவனுக்கு எதற்கு என்கிற எண்ணம்தான். வேறொன்றும் அவருக்குத் தெரியாது.

சவுரிராயன் தாளை வாங்கினார். கட்டைவிரல் நகர வேண்டியதாயிற்று.

அவர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். மின்விசிறி டக் டக் என்று சுற்றியது. பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்று மறுபடியும் தொடங்கியது.

"சொந்தக்காரப் பையனா?"

"ஆமாங்க."

"பேரு?"

எதற்காகப் பயப்படுகிறோம் என்று தெரியாமலே நயினார் பயந்தார். "பேரு... ஸ்ரீபாலன்தாங்க. எங்க ஆளுங்கள்ல நெறைய ஸ்ரீபாலன் உண்டு."

"அப்பா பேரு ரிஷபநாதன். திண்டிவனம். இப்ப பார்க்கற வேலை, விழுப்புரத்துல சர்க்கார் குமாஸ்தா. இப்படி எத்தினி பேரு?" சவுரிராயன் கண்ணாடியைக் கழற்றினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நயினாருக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். "நயினாரே, சர்க்கார் வேலையில இருக்கறவன் வேற எங்க மனு போடறதா இருந்தாலும் எங்ககிட்ட எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கிட்டுத்தான் போடணும். உங்க பையன் கேக்கல. இதுல போட்டிருக்கற பரீட்சைத் தேதியில வயித்துவலின்னு லீவு எழுதிக் குடுத்திருக்கான். நான்தான் கையெழுத்து போட்டேன்."

"சின்னப் பையங்க. தெரியாம..."

"தெரியும். தெரிஞ்சிதான் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோம். நிரந்தரம் ஆகாதவனுக்குக் குடுக்கறதில்ல."

"பேப்பரைக் குடுத்துடுங்க. நான் எடுத்துக்கினு போயிடறேன். நான் வரவே இல்ல."

சவுரிராயன் தாளை மேஜைமேல் வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்தார். அந்தக் குண்டுக்குள் ஒரு நீலப் பூ இருந்தது. நயினார் அதையே பார்த்தார்.

"நான் பாத்ததைப் பாக்கலைன்னு சொல்லிப் பழக்கமில்ல. நாளைக்கு இது வேற வழியில தெரிஞ்சா என் வேலைக்கும் ஆபத்து. இன்னா பண்ணலாம்னா... ஆபீசர் திங்கக்கிழமை வர்றார். பத்தரை மணிக்கு உங்க பையன் எங்கிட்ட வரட்டும். அந்தப் படிப்பு வேணாம், எடத்தை விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தா, இந்தப் பேப்பரை அவன் கண்ணெதிர்ல கிழிச்சிடறேன். லீவு விஷயத்தையும் மறந்துடறேன். போறதா இருந்தா ராஜினாமா எழுதட்டும், பேப்பரை அவன் கையில குடுத்துடறேன். ரெண்டும் இல்லைன்னா ஆபீசர் மேஜைக்குப் போவும். அப்புறம் எந்த சர்க்கார் வேலையும் கெடைக்காது."

நயினார் எழுந்தார். நின்றபடியே கேட்டார்: "அந்தக் கோட்டுக்கு மேல இன்னா எழுதியிருக்குது?"

சவுரிராயன் குண்டை நகர்த்தி அந்த வரியை மறுபடி படித்தார். "பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தந்தி குடுக்கணும்னு கேட்டிருக்காங்க. அதுக்குத்தான் உங்க கையெழுத்து. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது நயினாருக்கு அவ்வளவு சின்னதாகப் படவில்லை. பஸ் ஸ்டாண்டு வரும் வழியெல்லாம் அதே வார்த்தைகள் காதில் இருந்தன. ஏதாவது ஆச்சுன்னா. என்ன ஆகும்? ஆகாது என்று தெரிந்தால் எதற்குக் கேட்கிறான்?

செஞ்சி பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில், ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்தார். கட்டுச்சோற்றைப் பிரிக்கவில்லை. சொல்லாமலே திண்டிவனம் போய்விடலாமா என்று இரண்டு தடவை எழுந்தார். சொல்லாமல் போனால் திங்கட்கிழமை பிள்ளை ஒன்றும் தெரியாமல் ஆபீசுக்குள் நுழைவான். மறுபடி உட்கார்ந்தார். தனக்கு நேர்ந்ததை அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மகன் அவரிடம் பொய் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் சரிதான். அவர்தான் நம்பவில்லை. நம்பாமல் போய், யார் கண்ணில் படக் கூடாதோ அவர் மேஜைமேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். 

வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் எட்டிப் பார்த்தார். வெயில் சாய்ந்து, பொழுது இறங்கி, தெருவிளக்கு எரிந்த பிறகு வந்த பஸ்ஸில் ஸ்ரீபாலன் இருந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"அம்மாவுக்கு இன்னாப்பா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல."

"நீங்க சாப்டீங்களா?"

"பொழுது போயிடுச்சு." பொழுது போன பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைப்பதில்லை. ஸ்ரீபாலன் கட்டுச்சோற்று மூட்டை பிரிக்கப்படாமல் இருப்பதைக் கவனித்தான். ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

நயினார் சுற்றி வளைக்கவில்லை. அவருக்கு அது வராது. போனேன், காட்டினேன், அவர் வைத்துக்கொண்டார், திங்கட்கிழமை பத்தரை மணி என்று நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

ஸ்ரீபாலன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "எங்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா," என்றான்.

"நீ எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

ஒரு கண்டக்டர் திண்டிவனம், திண்டிவனம் என்று கூவிக்கொண்டு போனான்.

"பயந்துதான்டா போனேன்," என்றார் நயினார். பிள்ளையிடம் இப்படி ஒரு வார்த்தையை அவர் அதுவரை சொன்னதில்லை. "சண்டை நடக்குதுன்றான். பாஷை தெரியாது. பொழுதோட சோறு போடுவானான்னு தெரியல."

"எனக்கு மட்டும் பயமில்லையா? என்கூட நேர்ல வந்தவங்க எல்லாம் கோட்டு சூட்டு போட்டிருந்தாங்க. இங்கிலீஷ்ல சிரிக்கறாங்கப்பா. அதனாலதான் அடுத்த வருஷம் பாக்கலாமான்னு இருந்தேன். நிரந்தரம் ஆகிட்டா, அங்க ஒத்துவரலைன்னாலும் திரும்பி வர ஒரு எடம் இருக்கும்னு."

"அதேதான் நானும் சொல்றேன். இப்ப வேணாம்னு எழுதிக் குடு. நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் போ."

"இனிமே அப்புறம்னு ஒண்ணு இல்லப்பா," என்றான் ஸ்ரீபாலன். அதில் கோபம் இல்லை. அதுதான் நயினாருக்குத் தாங்கவில்லை. "வயித்துவலின்னு பொய் சொன்னவன்னு அவருக்குத் தெரிஞ்சிபோச்சு. அடுத்த வருஷம் அனுமதின்னு போய் நின்னா எப்படிக் குடுப்பாரு? போனா இப்ப போவணும். இல்லைன்னா அந்த நாற்காலியிலதான் கடைசி வரைக்கும்."

அன்றிரவே ஸ்ரீபாலனும் அப்பாவோடு ஊருக்கு வந்தான்; கேம்ப் போய்வந்ததால் சனிக்கிழமை லீவு. அனந்தமதி சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீபாலன் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவதை நயினார் வாசலிலிருந்து பார்த்தார். ஒரு தாள் எழுதி மடித்தான். இன்னொரு தாள் எடுத்து எழுதி அதையும் மடித்தான். எது எதுவென்று வெளியிலிருந்து தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். நயினார் வராந்தாவிலேயே நின்றுகொண்டார். உள்ளே போகிறவனிடம், "வேணாம்னு குடுத்துடுடா," என்று கடைசியாக ஒரு தடவை சொன்னார். அவன் தலையை ஆட்டினான். அது சரி என்கிற ஆட்டலா, இல்லை என்கிற ஆட்டலா என்று தெரியவில்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. சவுரிராயன் குரல் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. காகிதம் கிழிகிற சத்தம் வருகிறதா என்று நயினார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் மட்டும் வந்துவிட்டால் போதும் என்று கும்பிடாத குறையாக நின்றார். உள்ளே யாரோ இருமினார்கள். நாற்காலி நகர்ந்தது.

ஸ்ரீபாலன் வெளியே வந்தான். அவன் கையில் அந்தத் தாள், ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது.

நயினார் கிட்டே போனார். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"நான் இன்னும் கையெழுத்து போடலையேடா. போடலைன்னா இன்னா பண்ணுவே?"

"தெரியல," என்றான். தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சூப்பிரண்டு சார் இன்னொரு வாட்டி யோசின்னு சொன்னாரு. யோசிச்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

தபாலாபீஸ் எதிரேதான் இருந்தது. உள்ளே, மை சிந்திக் கறுத்துப்போன சாய்வு மேஜையில் தாளை விரித்தான். தன் பேனாவைத் திறந்து கொடுத்தான்.

"படிப்பு முடிச்சா வேலை குடுக்கறோம்னு இதுல எழுதியிருக்குதா?"

"இல்லப்பா."

"பாதியில திரும்பி வந்தா இந்த ஆபீசுல சேத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப இந்தப் பக்கமும் ஒண்ணுமில்ல, அந்தப் பக்கமும் ஒண்ணுமில்ல."

நயினார் பேனாவைப் பிடித்தபடி புள்ளிக் கோட்டைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் எங்கும் போகாமல், கையெழுத்தும் போடாமல் இருந்திருந்தால் பிள்ளை வீட்டோடு இருந்திருப்பான். இப்போது போடாவிட்டால் பிள்ளைக்கு எதுவுமே இல்லை. போட மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் இத்தனை நாள் அவர் நின்றிருந்தார். அந்த இடத்தை அவரே போய் இடித்துவிட்டு வந்திருந்தார்.

மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் எழுதினார். கடைசி எழுத்தில் மை கொட்டிப் பெரிதாகிவிட்டது. ஊதினார். சரியாகக் காயவில்லை.

"கீழ விலாசம் நான் எழுதிக்கறேன்," என்றான் ஸ்ரீபாலன். "தந்தி வர்றதுக்கு."

"தந்தி இன்னாத்துக்கு வரணும்?"

"வராதுப்பா. சும்மா கேக்கறாங்க."

"சும்மா ஒருத்தன் கேப்பானா?" என்றார் நயினார். பேனாவை மூடாமலே மேஜைமேல் வைத்தார்.

அவன் உறை வாங்க ஜன்னல் வரிசையில் போய் நின்றான். வரிசையில் முன்னால் இன்னும் நாலு பேர். அவன் திரும்பி, "இருங்கப்பா, ஒண்ணாப் போலாம்," என்றான்.

"மார்க்கெட்டுக்கு நேரமாச்சு. நான் போறேன்."

படி இறங்கினார். அவன் தபாலைப் போட்டானா இல்லையா என்று பார்க்கவில்லை. வெயிலில் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார். எதிரே சைக்கிளில் வந்த தெரிந்த மனிதர் ஒருவர், "இன்னா நயினாரே, விழுப்புரத்துல?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் சரியில்லப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்.